13 டிகிரிக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ்

போன தீபாவளிக்கு ஒரு பாட்டில் ஒயினைத் திறந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மீதியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். எங்கள் கல்யாண நாளுக்கு என்று சித்திரையில் கொச்சி நண்பர் வாங்கித் தந்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் அது. நல்ல நாளில் திறக்கலாம் என்று அடுப்படிப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்தேன். ஏழு மாதம் அங்கேயே இருந்தது. இறக்கும்போதே கார்க் லேசாக மேலே தள்ளியிருந்தது. மூடியிருந்த தகட்டுக்கு அடியில் பிசுபிசுவென்று ஒரு சிவப்புக் கோடு. ஊற்றினால் செங்கல் நிறம். முகர்ந்தால் உலர்திராட்சையை வெல்லத்தோடு வேகவைத்த வாடை.

அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடைதான். நான் குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்பவன். ஸ்டோரில் காய் உலரும்போது 45 முதல் 50 டிகிரி வரை பக்குவமாகச் சூடு போக வேண்டும். ராத்திரி காவலுக்கு இருப்பவர் கண்ணயர்ந்து சூடு ஏறிவிட்டால், காலையில் பச்சை போய்ப் பழுப்பாகக் கிடக்கும். காய் வெந்துவிட்டது என்போம். புட்டடி ஏலத்திலும் சரி, போடி ஏலத்திலும் சரி, அந்தக் காய்க்கு விலை கிடைக்காது. ஏலக்காயை இப்படிப் பார்த்துப் பார்த்து வைக்கிற நான், ஒருவர் அன்போடு தந்த பாட்டிலை அடுப்புக்கு மேலே ஏழு மாதம் வேகவைத்திருக்கிறேன். ரொம்ப வருத்தமாக இருந்தது.

மறுநாள் அதே பரணில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். மதியம் சமையல் நேரத்தில் 34 டிகிரி. குளிரும் ஐப்பசி மாசத்துக் குமுளியிலேயே இவ்வளவு என்றால் சித்திரையில் எப்படி இருந்திருக்கும்! ஒயின் நாள்பட இருக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். அதைவிட முக்கியம், சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், இறங்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று புகுந்தால் ஒயினின் கதை முடிந்தது.

வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு வாரத்துக்குச் சரி. மாசக்கணக்கில் என்றால் 4 டிகிரி அதிகக் குளிர், உள்ளே காற்றும் வறட்சி. கார்க் காய்ந்து சுருங்கிவிடும். போதாக்குறைக்குப் பூண்டு ஊறுகாய் வாசம் வேறு.

கடையின் பின்னறையில் 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று கெட்டுக் கிடந்தது. நிற்காமல் ஓடும், உள்ளே வைத்த தண்ணீர் பாட்டிலெல்லாம் ஐஸாகி வெடிக்கும் என்று ஒதுக்கி வைத்தது. அதைச் சரிசெய்து 13 டிகிரியில் நிறுத்தினால் ஒயினுக்கு ஒரு பெட்டி கிடைக்கும் என்று தோன்றியது. இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது. கூடவே, அந்தப் பெட்டியை வைத்து இந்த வருஷம் எப்படிக் குடிப்பது, எவ்வளவு குடிப்பது என்று நானும் வீட்டுக்காரியும் எடுத்த முடிவைப் பற்றியது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பெட்டியின் அளவே அதை வைத்துத்தான் வந்தது. எங்கள் பெரியப்பா குடியால் போனவர். 47 வயது. பிராந்தி பாட்டிலை ஒளித்து வைத்து, யாரும் பார்க்காதபோது ஒரே மூச்சில் குடிப்பார். அம்மாவுக்கு இன்றைக்கும் கண்ணாடி கிளாஸ் சத்தம் கேட்டால் முகம் மாறும். அதனால் எங்கள் வீட்டில் ஒயின் இருக்கப் போகிறது என்றால் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது. மாசம் ஒரு பாட்டில். தனியாகக் குடிப்பதில்லை. சாப்பாட்டோடு மட்டும். திறந்த தேதி, ஊற்றிய அளவு, வாசம், ருசி எல்லாம் ஒரு நோட்டில். அந்த நோட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்தில், அம்மா கையெட்டும் இடத்தில்.

கணக்கும் போட்டோம். 12.5 சதவீத ஒயின் 750 மில்லி என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 93.75 மில்லி. எடையில் 74 கிராம். மூன்று நாளில் இரண்டு பேர் முடித்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 கிராம் சொச்சம், மாசத்துக்கு 37 கிராம். கனடாவில் 2023ல் வந்த வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு கிளாஸுக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது. அவர்கள் கணக்கில் ஒரு கிளாஸ் என்பது 13.45 கிராம் ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் அதே 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆகவே உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நான் குடிக்கவில்லை. ருசிக்காகக் குடிக்கிறேன். அதனால்தான் கெட்டுப்போன ருசியைக் குடிக்க மனசு வரவில்லை.

கார்த்திகை 1ஆம் தேதி மாலை போட்டேன். வருஷா வருஷம் சத்திரம், புல்மேடு வழியாக நடந்து மகரவிளக்குக்குப் போகிறவன் நான். இங்கிலாந்தில் 2013 முதல் ஜனவரி மாசம் முழுக்கக் குடிக்காமல் இருப்பதை ஓர் இயக்கமாக நடத்துகிறார்கள், இப்போது உலகம் பூராவும் அது பரவியிருக்கிறது. எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்தாலே பாதிப்பேர் கறுப்பு வேட்டிக்கு மாறிவிடுகிறோம். தை பிறக்கும் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. புதுவருஷத்து ராத்திரியும் இந்தக் காலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதோடு கேரளத்தில் ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி மதுக்கடை மூடல், ஜனவரி 1 உட்பட. ஆக, வருஷத்தைத் தெளிவாகத் தொடங்க ஊரே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அந்த இரண்டு மாசத்தை நான் ஃபிரிட்ஜ் வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

மச்சினன் கம்பத்தில் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். கூப்பிட்டதும் வந்தான்.

"என்ன சாமி, இந்தப் பொணத்தை எதுக்கு எழுப்பச் சொல்றீங்க?" என்றான் கதவைத் திறந்து பார்த்துவிட்டு. சாதாரண நாளில் மச்சான் என்பவன், மாலை போட்டிருந்ததால் சாமி.

"ஒயின் வைக்க."

"மாலையைப் போட்டுக்கிட்டா?"

"தை மாசத்துக்கு, மாப்ள. இப்ப தண்ணி பாட்டிலை வெச்சுத்தான் டெஸ்ட்."

அவன் குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மீட்டரை வைத்தான். குமிழை முழுசாக அணைத்த நிலையிலும் மீட்டர் பீப் அடித்தது. உள்ளே இருக்கும் இரண்டு முனையும் தீப்பொறி பட்டுப் பட்டு ஒட்டிப்போயிருந்தன, அதனால்தான் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியிருக்கிறது. அதன் மெல்லிய குழாயில் இருக்கும் வாயு கசிந்திருந்தால் கோளாறு நேர்மாறாக இருக்கும், ஃபிரிட்ஜ் ஓடவே ஓடாது. உங்கள் வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் கெட்டால் இந்த ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள், பாதி நோய் பிடிபட்டுவிடும்.

புது தெர்மோஸ்டாட் மாற்றினால் ஃபிரிட்ஜ் பிழைக்கும், ஆனால் 13 டிகிரியில் நிற்காது. அது அதைவிடக் குளிர்ச்சிக்கு என்றே செய்தது. அதனால் டிஜிட்டல் கண்ட்ரோலர். எஸ்டிசி-1000 என்ற மாடலைப் பல பேர் பயன்படுத்துகிறார்கள், முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் மீன் தொட்டிக்கும்கூட இதுதான். இணையத்தில் ஆர்டர் போட்டேன், 700 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. நான் கேட்டது 220 வோல்ட். வெளிக்கூடு இரண்டுக்கும் ஒன்றுதான். பார்க்காமல் கரண்ட் கொடுத்திருந்தால் அப்போதே புகைந்திருக்கும். விற்றவரிடம் போட்டோ அனுப்பி, பேசி, மாற்றி வாங்க 9 நாள் ஆயிற்று. இதை வாங்குகிறவர்கள் பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்காமல் ஒயரைத் தொடவே வேண்டாம்.

வயரிங் சின்ன வேலைதான், ஆனால் ஓரிடத்தில் எல்லாரும் தப்பு செய்வார்கள் என்றான் மச்சினன். 1, 2 முனையில் மெயின் கரண்ட். 3, 4ல் சென்சார். 5, 6 சூடாக்குவதற்கு, அதை நாங்கள் தொடவில்லை. 7, 8 குளிரூட்டுவதற்கு. இந்த 7, 8ல் தானாகக் கரண்ட் வராது. அது வெறும் சுவிட்ச். 1ல் வரும் பேஸிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து 7க்குக் கொடுத்து, 8லிருந்து சாக்கெட்டுக்குப் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகச் சாக்கெட்டுக்கு. ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டியில் கண்ட்ரோலரையும் சாக்கெட்டையும் சேர்த்துப் பொருத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கை அந்தச் சாக்கெட்டில் செருகினோம். பழைய தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயரையும் கனெக்டர் போட்டு ஒன்றாக்கி, டேப் சுற்றியாயிற்று. இப்படிச் செய்ததில் கம்ப்ரசர் ஓடும்போது மட்டும்தான் உள்ளே விளக்கு எரியும். பரவாயில்லை. ஒயினுக்கு வெளிச்சமும் ஆகாது, அதிலும் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலுக்கு ஆகவே ஆகாது. கடைசியில் பல்பையே கழற்றிவிட்டேன்.

மின்வேலை தெரியாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். சென்சார் ஒயர் உள்ளே போக ஃபிரிட்ஜ் சுவரில் துளை போடவும் வேண்டாம். சுவருக்குள் எங்கே குழாய் ஓடுகிறது என்று வெளியே தெரியாது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது, தீப்பிடிக்கும் வாயு. எங்களுடையது ஆர்134ஏ என்று கம்ப்ரசர் ஸ்டிக்கரில் இருந்தாலும் துளை போடவில்லை. ஒயரைக் கதவு ரப்பருக்கு அடியில், கீல் பக்கமாக நுழைத்தோம்.

அப்புறம் சென்சாரை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் இடித்த ஐஸை நிரப்பி, அது நனையும் அளவு தண்ணீர் விட்டு, சென்சாரை நடுவில் நிறுத்திக் கலக்கிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து 0 காட்ட வேண்டும், 1.2 காட்டியது. எஃப்4 என்ற அமைப்பில் கழித்தல் 1.2 கொடுத்தேன், 0.0 வந்தது. எஃப்1ல் 13.0. எஃப்2ல் 1.0, அதாவது 14க்கு ஏறினால் ஓடும், 13க்கு வந்தால் நிற்கும். எஃப்3 கம்ப்ரசர் காத்திருக்கும் நேரம், அதற்கு 5 நிமிஷம். நின்ற கம்ப்ரசரை உடனே திரும்பக் கிளப்பினால் சுமை தாங்காமல் திணறும், நாளடைவில் எரிந்துவிடும்.

பழைய ஸ்குவாஷ் பாட்டில், சர்பத் பாட்டில் என்று பதினாறு சேர்த்து, தண்ணீர் நிரப்பி உள்ளே அடுக்கி ஓடவிட்டேன். இங்கேதான் நிஜமான வேலை தொடங்கியது.

முதல் நாள் சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டிருந்தேன். கதவை ஒரு தடவை திறந்து மூடினாலே உள்ளே காற்று சூடாகி, கம்ப்ரசர் கிளம்பிவிடும். இரண்டு நிமிஷம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். பாட்டிலில் இருக்கும் தண்ணீரோ ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. சரி என்று இரண்டாம் நாள் சென்சாரை 750 மில்லி தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே இறக்கினேன். இப்போது மந்தம் அதிகமாகிவிட்டது. அவ்வளவு தண்ணீரும் ஒரு டிகிரி இறங்குவதற்குள் கம்ப்ரசர் முக்கால் மணி நேரம் ஓடி, மேல்தட்டு பாட்டில்கள் 8 டிகிரிக்குப் போய்விட்டன. காற்றும் இல்லை, பெரிய பாட்டிலும் இல்லை, நடுவே ஏதோ ஒன்று வேண்டும். வீட்டில் தேடியபோது பையனுடைய இருமல் மருந்து பாட்டில் கிடைத்தது, 100 மில்லி. கழுவித் தண்ணீர் நிரப்பி, மூடியில் துளை போட்டுச் சென்சாரை விட்டு, நடுத்தட்டில் பாட்டில்களுக்கு இடையே நிறுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து மார்கழிக் குளிருக்கு 6 நிமிஷம் ஓட்டம், 40 நிமிஷம் ஓய்வு. நடுத்தட்டுத் தண்ணீர் 13க்கும் 14க்கும் நடுவிலேயே நின்றது. அந்தச் சின்ன பாட்டிலில் இன்னும் மருந்துக்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஃப்ரீசர் மேலே இருப்பதால் மேல்தட்டு 10, 11. கீழே காய்கறித் தட்டுப் பக்கம் 15. இதைச் சமப்படுத்தச் சின்ன விசிறி வைக்கலாம் என்றான் மச்சினன். வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரியிலும், சிவப்பை 15 முதல் 18லும் பரிமாறுவது வழக்கம். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று வைத்தால் எடுத்த சூட்டிலேயே ஊற்றலாம்.

ஈரப்பதத்துக்கு ஒரு கதை. 250 ரூபாய்க்கு ஹைக்ரோமீட்டர் வாங்கினேன். அதைச் சோதிக்க உப்பு போதும். பாட்டில் மூடி நிறையக் கல்லுப்பு, அதில் ஈரமாகும் அளவு நாலு சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி ராத்திரி முழுக்க வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்புக்கு அப்படி ஒரு குணம். என் மீட்டர் 69 காட்டியது, ஆக எப்போதும் 6 கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் கூட்டிப் பார்த்தால் 50தான் இருந்தது. கார்க்குக்கு 60, 70 தேவை. அதே உப்புக் குழம்பை ஒரு பீங்கான் கிண்ணத்தில் கீழ்த்தட்டில் வைத்தேன். நாலு நாளில் 66க்கு வந்து நின்றது. மாசத்துக்கு ஒரு முறை கிளறிவிட்டால் போதும்.

தட்டுகளுக்கு எஸ்டேட்டில் வெட்டிக் கிடந்த சில்வர் ஓக் பலகை. பாட்டில் உருளாமல் இருக்க அரைவட்டப் பள்ளம் வெட்டி, நன்றாக இழைத்து, அப்படியே வைத்தோம். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. மூடிய பெட்டியில் அந்த வாடை போகவே போகாது.

பெட்டியில் 20 பாட்டில் கொள்ளும். ஆனால் நான் 4க்கு மட்டும்தான் பள்ளம் வெட்டினேன். கேரளத்தில் ஒருவர் கைவசம் வைத்திருக்கக்கூடிய ஒயின் அளவு 3.5 லிட்டர். 750 மில்லியில் 4 பாட்டில் என்றால் 3 லிட்டர், அதற்கு மேல் கணக்கு இடிக்கும். மலையிறங்கித் தமிழ்நாட்டில் வாங்கி வருவதும் சரிப்படாது, வேறு மாநிலத்துச் சரக்கை அனுமதி இல்லாமல் செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. மீதி இடத்தில் தண்ணீர் பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன. கரண்ட் போனாலும் அந்தத் தண்ணீர்தான் குளிரைப் பிடித்து வைக்கிறது. ஒரு நாள் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை, நடுத்தட்டு ஒரு டிகிரிகூட ஏறவில்லை.

இதை எழுதும்போதே ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வளவு திராட்சை இருக்கும்போது நீயே ஒயின் போட்டால் என்ன? கோட்டயம், இடுக்கி கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் முந்திரி ஒயின் (மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை) போடுவது பழைய வழக்கம். ஆனால் உரிமம் இல்லாமல் புளிக்க வைப்பது அப்காரி சட்டப்படி, அதாவது கேரளத்து மதுச் சட்டப்படி, குற்றம். 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னால் கலால் துறை அதை வெளிப்படையாகவே எச்சரித்தது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. சுருளிப்பட்டியிலிருந்து பன்னீர் திராட்சை வாங்கி, விரத நாளெல்லாம் ஜூஸாகக் குடித்தோம். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. உலகத்துக்கு அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் வாசத்துக்குக் காரணமான லினலூல் என்ற பொருள் ஏலக்காய் எண்ணெயிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையில் நசுக்கி முகர்ந்து பாருங்கள், அடியில் ஓடும் அந்தப் பூ வாசம் ஒன்றாகவே இருக்கும். இத்தனை வருஷம் ஏலக்காய் வியாபாரம் செய்தும் எனக்கு இது இந்த மார்கழியில்தான் பிடிபட்டது.

விரதத்தின்போது ஆல்கஹால் நீக்கிய ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். இப்போது உலகம் முழுக்க அது ஏறுமுகம். அம்மா ஒரே பார்வை பார்த்தார்.

"சாராயம் எடுத்துட்டாங்கம்மா, வெறும் ரசம்தான்."

"பேரு ஒயின்தானேய்யா? மாலையைக் கழட்டினப்புறம் பாத்துக்க."

அவர் சொன்னதுதான் சரி. பாட்டில் கடை அலமாரிக்குப் போய்விட்டது.

மகரவிளக்கு பார்த்து இறங்கி, மாலையைக் கழற்றி, பொங்கலும் முடிந்தது. ஏல விஷயமாகக் கோட்டயம் போனபோது சுயசேவை மதுக்கடைக்குள் நுழைந்தேன். நிதானமாக லேபிள் படிக்க முடிகிறது என்பதே பெரிய சௌகரியம். நான் போவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்தது இதுதான்: இந்த வருஷம் கனமான சிவப்பைத் துரத்தப் போவதில்லை. உலகப் போக்கும் அந்தப் பக்கம்தான் போகிறது. சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2024ல் உலகம் குடித்த ஒயின் சுமார் 2,140 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் 1961க்குப் பிறகு அதுவரை அதுதான் குறைவு. குடிப்பவர்களும் லேசான ஒயினாக, குளிர்ந்ததாக, ஆல்கஹால் குறைந்ததாகத் தேடுகிறார்கள். நம் வெயிலுக்கும் மீன் குழம்புக்கும் அது இயல்பாகவே பொருந்தும். 14 சதவீத சிவப்பு ஒயினை 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பிலும் லேசானதை எடுத்து 13, 14ல் குளிர்த்திக் குடிப்பது இப்போது பரவுகிற வழக்கம். நமக்கு ரொம்ப முன்னாலேயே வந்திருக்க வேண்டியது.

ஆரஞ்சு ஒயின் எனக்குப் பெரிய ஆசை. பெயர்தான் ஆரஞ்சு, பழம் பச்சைத் திராட்சைதான். சாற்றைத் தோலோடும் விதையோடும் ஊறவிடுவதால் அந்த நிறமும், டீத்தூள் போல ஒரு துவர்ப்பும் வருகிறது. ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண் தாழியை மண்ணுக்குள் புதைத்து இப்படிச் செய்கிறார்கள். 2013ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மண்ணுக்குள் புதைத்தால் சூடு ஏறாது, இறங்காது. நான் கண்ட்ரோலர் வைத்துச் செய்ததை அவர்கள் மண்வெட்டி வைத்து ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்கிறார்கள். கோட்டயம் கடையில் கிடைக்கவில்லை. நோட்டில் பெயர் இருக்கிறது.

வாங்கியது நாலு. வெள்ளையில் ஒரு செனின் பிளாங்க், ஒரு சாவிஞான் பிளாங்க், இளஞ்சிவப்பில் ஒரு ரோஸே, சிவப்பில் ஒரு ஷிராஸ். எல்லாம் மகாராஷ்டிரம், கர்நாடகம். நம் நாட்டில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பா மாதிரி கொடி பனியில் தூங்காது, அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, காய்ப்பை இந்தக் குளிர்காலத்துக்குத் தள்ளுகிறார்கள். நான் லேபிளைப் படித்துக்கொண்டிருந்த தை மாசத்தில் அங்கே பழம் பறித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

தை மாசத்தில் ஒரு ஞாயிறு. அயிலை மீன் வறுவல், தேங்காய் அரைத்த குழம்பு. செனின் பிளாங்க் திறந்தோம். குடிப்பதற்கு முன் ஒரு சோதனை. நூறு மில்லி அளவுக்கு ஒரு கிளாஸில் ஊற்றி அடுப்படி ஜன்னலில் முக்கால் மணி நேரம் வைத்தேன், 25 டிகிரிக்கு வந்தது. பாட்டில் பெட்டிக்குள் மேல்தட்டில் 11ல். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன், எது எது என்று சொல்லாமல்.

ஜன்னல் கிளாஸை முகர்ந்தாள். "ஸ்பிரிட் வாடைங்க. இனிப்பா இருக்கு, அப்புறம் ஒண்ணுமில்ல."

பெட்டி கிளாஸ். கொஞ்ச நேரம் பேசவில்லை. திரும்ப முகர்ந்தாள். "கொய்யாக்கா. பழமாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காம்புகிட்ட கடிச்சா வருமே, அந்த வாசம். எலுமிச்சை எங்கேயோ பின்னாடி."

ஒரே பாட்டில். 14 டிகிரி வித்தியாசம். அவள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன்.

ஆளுக்கு 120 மில்லி, அளவுக் குவளையில் அளந்து. பாட்டில் திறந்த உடனேயே, நாங்கள் குடிப்பதற்கு முன்னால், 375 மில்லியை ஒரு சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி, சமையல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இதைச் செய்து பாருங்கள். பாதி காலியான பாட்டிலில் இருக்கும் காற்றுதான் மறுநாள் ஒயினைச் சப்பையாக்குகிறது. இடமே இல்லாமல் நிரப்பிவிட்டால் காற்றுக்கு வேலை இல்லை. நாலாம் நாள் அதைத் திறந்தபோது கொய்யா வாசம் அப்படியே இருந்தது. திறந்தாயிற்றே, வீணாகிவிடுமே என்று ஒரே ராத்திரியில் முடிக்கிற அவசரமும் இல்லாமல் போயிற்று. பெரியப்பா வீட்டில் அந்த அவசரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்கஹால் நீக்கியதையும் அந்த மாசமே திறந்தோம். எனக்குத் திருப்தி இல்லை. காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே ஆல்கஹாலை ஆவியாக்கி எடுக்கிறார்கள். கூடவே வாசத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, நாக்கில் கனமும் போய்விடுகிறது, அந்த இடத்தை இனிப்பு நிரப்புகிறது. குடிக்கக் கூடாதவர்களுக்கு மேஜையில் ஒரு கிளாஸ் கிடைக்கிறது என்பது நல்ல விஷயம், அதை நான் மதிக்கிறேன். என் கையில் தேர்வு இருந்தால் சுருளிப்பட்டி பன்னீர் திராட்சை ஜூஸையே குடிப்பேன்.

மாசியில் சாவிஞான் பிளாங்க், பங்குனியில் ரோஸே. காலியாகும் பள்ளத்துக்கு ஒன்று வாங்கினால் ஒன்று, அதற்கு மேல் இல்லை. பங்குனி நடுவில் பின்னறை 31 டிகிரி ஆனபோது கம்ப்ரசர் 15 நிமிஷம் ஓடி, 12 நிமிஷம்தான் ஓய்ந்தது. எங்கோ குளிர் கசிகிறது என்று தெரிந்தது. கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டது, கீல் பக்கம் சென்சார் ஒயர் நுழையும் இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. தடித்த ஒயரின் மேலுறையை அந்த நாலு அங்குலத்துக்கு மட்டும் உரித்து, உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டையாகப் படுக்கவைத்து டேப் ஒட்டினோம். ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒத்தி நீவிவிட்டதும் நோட்டு பிடித்துக்கொண்டது. சித்திரை பிறந்தபோது 9 நிமிஷம் ஓட்டம், 22 நிமிஷம் ஓய்வு. மின்மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

ஷிராஸ் கீழ்த்தட்டில் 15 டிகிரியில் படுத்திருக்கிறது. கொச்சி நண்பர் கல்யாண நாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன தடவை அவர் தந்ததை என்ன செய்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் இதைத் திறக்கலாம் என்றிருக்கிறேன்.